எம்5 காரின் எஸ்.எம்.ஜி. கியர்பாக்ஸ்: எது குணம், எது பழுது?

கோலாலம்பூரில் பழைய எம்5 தேடிப் போகிறவர் காதில் முதலில் விழுவது, "எஸ்.எம்.ஜி.யா? வேண்டாம், வெட்டி வெட்டி இழுக்கும்" என்ற பேச்சுதான். 2005 முதல் 2010 வரை வந்த இ60 வகை பி.எம்.டபிள்யூ. எம்5 பற்றிய பேச்சு அது. அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, கிளட்ச் தேய்ந்து ஹைட்ராலிக் பம்ப் தளர்ந்துபோன ஒரு காரைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியவர்கள் பரப்பியது. இந்தக் கியர்பாக்ஸுக்குப் பிறவியிலேயே ஓர் உதறல் உண்டு. அது எந்தக் கியரில், எந்த வேகத்தில், எதனால் வருகிறது என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். அந்தக் கணக்குக்கு வெளியே வருவதெல்லாம் நோய். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் இந்தக் காரை வாங்கவும் கூடாது, வேண்டாம் என்று ஒதுக்கவும் கூடாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இது ஆட்டோ கியர் இல்லை. எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் கிடையாது, 'பி' என்ற நிலையும் கிடையாது. உள்ளே இருப்பது 7 கியர் கொண்ட மேனுவல் கியர்பாக்ஸ், அதோடு இரண்டு தட்டுகள் உள்ள உலர் கிளட்ச். இடது கால் செய்ய வேண்டிய வேலையையும் இடது கை செய்ய வேண்டிய வேலையையும் ஹைட்ராலிக் அழுத்தம் செய்கிறது, அவ்வளவுதான். புரோட்டோன் சேவி ஏ.எம்.டி. ஓட்டியவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதில்லை. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது தலை முன்னே போய்ப் பின்னே வருமே, அதே குடும்பம்தான். ஆனால் இங்கே அந்தக் கிளட்ச்சுக்குப் பின்னால் 507 குதிரைத் திறன் நிற்கிறது.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்ற இருக்கும் சிறு நெம்புகோலான பேடிலை இழுத்ததும் நடப்பதை வரிசையாகப் பார்த்தால் உதறல் எங்கே பிறக்கிறது என்று புரியும். கணினி முதலில் எஞ்சினின் விசையைக் குறைக்கிறது. கிளட்ச் திறக்கிறது. பழைய கியர் வெளியே வருகிறது, புதியது உள்ளே போகிறது. கிளட்ச் மூடுகிறது. விசை திரும்புகிறது. விசை போவதற்கும் திரும்புவதற்கும் இடையே கார் சும்மா உருள்கிறது. அந்த இடைவெளியை உடம்பு உணர்கிறது. இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் அடுத்த கியர் முன்கூட்டியே கோர்த்துக் காத்திருக்கும், ஒரு கிளட்ச் விடும்போதே மற்றது பிடித்துவிடும். ஆகவே அங்கே இடைவெளி இல்லை. ஒற்றைக் கிளட்ச்சில் அந்த இடைவெளியைச் சுருக்கலாம், ஒழிக்க முடியாது. எஸ்.எம்.ஜி.யின் மிக வேகமான அமைப்பில் கியர் மாறும் நேரம் 65 மில்லி விநாடி. இதற்கு முந்தைய இ46 எம்3 காரில் இருந்த இரண்டாம் தலைமுறை எஸ்.எம்.ஜி.யில் அது 80. நிதானமான அமைப்பில் இதே வேலையைக் கியர்பாக்ஸ் வேண்டுமென்றே பல மடங்கு மெதுவாகச் செய்யும்.

அந்த அமைப்புகளுக்கு டிரைவ்லாஜிக் என்று பெயர். மொத்தம் 11. கணினி தானாகக் கியர் மாற்றும் 'டி' நிலையில் 5, நாமே மாற்றும் 'எஸ்' நிலையில் 6. ஆறாவது 'எஸ்' அமைப்பு, டி.எஸ்.சி. எனப்படும் வழுக்கல் கட்டுப்பாட்டை முழுவதும் அணைத்தால்தான் கிடைக்கும். பொதுச்சாலையில் அதற்கு வேலையே இல்லை.

இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம். முதல் கியரின் விகிதம் 3.99, இரண்டாவது 2.65, மூன்றாவது 1.81, நான்காவது 1.39, ஐந்தாவது 1.16, ஆறாவது 1.00, ஏழாவது 0.83. முதல் கியரில் 3,000 ஆர்.பி.எம்.மில் இருக்கும்போது இரண்டாவதுக்கு மாற்றினால் எஞ்சின் ஏறக்குறைய 2,000-க்கு இறங்க வேண்டும். மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு என்றால் 3,000 என்பது 2,300 ஆகும். ஐந்தாவதிலிருந்து ஆறாவதுக்கு வெறும் 400 இறங்கினால் போதும். எஞ்சின் வேகமும் கியர்பாக்ஸின் வேகமும் எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ, கிளட்ச் அவ்வளவு வழுக்கிச் சமன்செய்ய வேண்டும். ஆகவே ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது வரும் தலையசைப்பு இந்தக் கியர்பாக்ஸின் குணம். இரண்டிலிருந்து மூன்றுக்கு லேசாக இருக்கும். நான்குக்கு மேல், சூடேறிய நல்ல காரில், மெதுவாக ஓட்டும்போது மாற்றம் தெரியவே கூடாது. ஐந்திலிருந்து ஆறுக்கும் வெட்டுகிறது என்றால், அந்தக் காரில் பழுது இருக்கிறது. இந்த ஒரே அளவுகோலை மனத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தாலே, விற்பவர் சொல்லும் "எல்லா எஸ்.எம்.ஜி.யும் இப்படித்தான் பாஸ்" என்பதை எங்கே ஏற்கலாம், எங்கே ஏற்கக்கூடாது என்று தெரிந்துவிடும்.

நல்ல நிலையில் இருக்கும் எம்5 என்ன தரும் என்பதைக் காட்டும் சாலை காராக் நெடுஞ்சாலை. கோம்பாக் டோலைத் தாண்டி கெந்திங் செம்பா வரை ஏறும் அந்த வளைவுகள் இந்தக் கியர்பாக்ஸுக்கென்றே போட்டதுபோல் இருக்கும். நிலை 'எஸ்', டிரைவ்லாஜிக் 4, கியர் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே. வளைவுக்கு முன் பிரேக் பிடித்துக்கொண்டே இடது பேடிலைத் தட்டினால், கணினி எஞ்சினை ஒரு தட்டு தட்டி ஆர்.பி.எம்.மைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி, பிறகு கிளட்ச்சை மூடும். பின்சக்கரம் ஒரு துளிகூட இழுபடாது. ஈரச் சாலையில் இதன் அருமை இன்னும் தெரியும். கை தேர்ந்த ஓட்டுநர் குதியையும் விரலையும் வைத்து மூன்று பெடல்களில் செய்யும் வித்தை இது. இறங்கும் கியர்களைப் பொறுத்தவரை, பின்னால் வந்த இரட்டைக் கிளட்ச் பெட்டிகள்கூட இந்தத் திருப்தியைத் தரவில்லை என்பது என் முடிவான கருத்து. அங்கே எல்லாம் வழுவழுப்பாக நடந்துவிடும். இங்கே இரும்பு இரும்போடு கோர்ப்பது உள்ளங்கையில் தெரியும்.

மேலேறும் கியர்களிலும் ஒரு விசித்திரம் உண்டு. எஞ்சின் 8,250 ஆர்.பி.எம். வரை சுழலக்கூடியது, அதன் உச்ச முறுக்கு விசையான 520 நியூட்டன் மீட்டரும் 6,100-இல்தான் வருகிறது. அந்த உயரத்தில் முழுதாக மிதித்திருக்கும்போது வேகமான டிரைவ்லாஜிக் அமைப்பே பொருத்தம். ஒரு சுருக்கென்ற அடி முதுகில் விழும், கார் நிற்காமல் ஓடும். அதே இடத்தில் அமைப்பை 1-இல் வைத்தால், மாற்றம் நீண்டு கார் மூச்சை இழுத்துப் பிடித்து விடுவதுபோல் ஆகிவிடும். மெதுவாக ஓட்டும்போது நேர் எதிர். 5-இல் வைத்துக்கொண்டு பங்சாரில் காய்கறி வாங்கப் போனால் ஒவ்வொரு மாற்றமும் பின்னாலிருந்து யாரோ இடிப்பதுபோல் இருக்கும். "இந்தக் கார் உதறுகிறது" என்று சொல்பவர்களில் பலர், காலுக்கும் அமைப்புக்கும் பொருத்தமில்லாமல் ஓட்டியவர்கள்.

நகரத்துக்குள் வந்தால் படம் மாறுகிறது. இங்கேதான் கியர்பாக்ஸின் உண்மையான குறை இருக்கிறது. பின்சக்கரங்கள் 285/35 ஆர்19, டிஃபரன்ஷியல் விகிதம் 3.62. முதல் கியரில், கிளட்ச் முழுதாக மூடிய நிலையில், 1,000 ஆர்.பி.எம்.மில் கார் போகும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 9 கிலோமீட்டர். அதற்குக் கீழே போனால் எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க கிளட்ச் அரைகுறையாகத் திறந்து வழுக்கியே ஆக வேண்டும். மாலை ஆறு மணிக்கு ஃபெடரல் நெடுஞ்சாலை எந்த வேகத்தில் நகர்கிறது? நாலு, அஞ்சு. துன் சம்பந்தன் சாலையில் தீபாவளிக்கு முந்தைய வாரம் அதுவும் இல்லை. ஆக, ஜாமில் நகரும் ஒவ்வொரு மீட்டரும் உலர்ந்த கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று தேய்ந்துகொண்டே நகரும் மீட்டர். சின்ன கார் என்றால் தாங்கும். இது 1,800 கிலோவைத் தாண்டிய வண்டி, எஞ்சினோ மேல் ஆர்.பி.எம்.மில்தான் பலம் காட்டும். அதனால் கிளம்புவதற்கே கூடுதல் சுழற்சியும் கூடுதல் வழுக்கலும் தேவைப்படுகின்றன. பிரேக் பேடைச் சூடாக்கினால் வரும் அதே கருகிய வாடை ஏர்கண்டிஷன் வழியாக உள்ளே வந்தால், கிளட்ச் எரிகிறது என்று பொருள். உடனே ஓரங்கட்டி, நியூட்ரலில் போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட வேண்டும். தைப்பூசத்தையொட்டி பத்துமலைப் பக்கம் இந்தக் காரை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். எல்.ஆர்.டி., கொமுட்டர் ரயில்கள் இருக்கின்றன.

சரி, நகரத்தில் எப்படித்தான் ஓட்டுவது? 'டி' நிலையை மறந்துவிடுங்கள். கணினி எப்போது மாற்றப் போகிறது என்று உங்கள் காலுக்குத் தெரியாது, உங்கள் கால் என்ன செய்யப் போகிறது என்று கணினிக்கும் தெரியாது. உதறலில் பெரும்பங்கு அந்த இரண்டும் ஒத்துப்போகாததால் வருவது. 'எஸ்' நிலையில், டிரைவ்லாஜிக் 2 அல்லது 3 வையுங்கள். கார் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும், எஞ்சின் முழுத் திறனைக் காட்டாத 400 குதிரைத் திறன் அமைப்பில்தான் தொடங்கும். நகரத்தில் அதை மாற்றாதீர்கள். அந்த அமைப்பில் ஆக்ஸிலரேட்டர் மென்மையாகப் பேசும், கியர் மாறியபின் விசை திரும்புவதும் மெதுவாக இருக்கும்.

ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது, பேடிலை இழுக்கும் அதே கணத்தில் ஆக்ஸிலரேட்டரைக் கால்வாசி தளர்த்துங்கள். முழுதாக எடுத்துவிடக் கூடாது. முழுதாக எடுத்தால் எஞ்சின் காரைப் பிடித்து இழுக்கும், அதுவும் ஒரு உதறலாகிவிடும். கிளட்ச் பிடித்ததும் பழைய அளவுக்குக் காலைக் கொண்டுபோங்கள். மேனுவல் கார் ஓட்டப் பழகியவர்களுக்கு இது இரண்டே நாளில் கைவந்துவிடும், வாழ்நாள் முழுக்க ஆட்டோ கியரே ஓட்டியவர்களுக்குச் சில வாரம் பிடிக்கும். முதல் கியரை 2,500-க்கு மேல் இழுக்காமல் சீக்கிரமே இரண்டாவதுக்குப் போய்விடுவதும் நல்லது. எஞ்சின் இறங்க வேண்டிய தூரம் அப்போது குறைவு.

ஜாமில் முன்கார் அரை மீட்டர் நகர்ந்தால் நீங்களும் அரை மீட்டர் நகராதீர்கள். இரண்டு மூன்று கார் நீளத்துக்கு இடைவெளி விழட்டும். பிறகு ஒரே மூச்சில் கிளம்பி, கிளட்ச் முழுதாக மூடியதும் காலை எடுத்து, முதல் கியரிலேயே உருண்டு போங்கள். நடுவில் யாராவது நுழைவார்கள், நுழையட்டும். ஒரு கிளட்ச் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஒரு காரை உள்ளே விடுவதில் நட்டமில்லை. சிவப்பு விளக்கில் சில விநாடிக்கு மேல் நிற்பதானால் நியூட்ரல்.

ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துக் காரைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் இருந்தால் அது இந்தக் காருக்கு விஷம். ஆட்டோ கியரில் அதற்கு எண்ணெய் ஈடுகொடுக்கும், இங்கே கிளட்ச் தட்டுதான் ஈடு. கை பிரேக் லீவர் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். மேனுவலில் ஏற்றத்தில் கிளம்புவதுபோலவே, விசை பிடிப்பது தெரிந்ததும் கை பிரேக்கை விடுங்கள்.

ரிவர்ஸ் இதைவிட மோசம். ரிவர்ஸில் கார் மெதுவாகவே நகர வேண்டும், கிளட்ச் முழுதாக மூட வாய்ப்பே இல்லை. கோண்டோ பேஸ்மெண்டில் மூக்கை உள்ளே விட்டு நிறுத்திவிட்டு, காலையில் சாய்தளத்தில் பின்பக்கமாக ஏறி வெளியே வருவது ஒரு வாரப் போக்குவரத்து நெரிசலுக்குச் சமமான தேய்மானம். மாலையில் வந்ததுமே சமதளத்தில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்திவிடுங்கள். உங்கள் பார்க்கிங் இடமே சாய்வில் இருக்கிறது என்றால், உள்ளபடியே சொல்கிறேன், இந்தக் கார் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

இனி பழுதுகள். எஸ்.எம்.ஜி.யில் கிளட்ச்சுக்கு அடுத்தபடியாக மனிதரைப் படுத்துவது ஹைட்ராலிக் பகுதி. ஒரு சின்ன மின்மோட்டார் பம்பைச் சுழற்றி அழுத்தம் உண்டாக்குகிறது. அந்த அழுத்தம் அக்குமுலேட்டர் என்ற குடுவையில் சேர்ந்திருக்கும். குடுவைக்குள் ஒருபுறம் எண்ணெய், நடுவே சவ்வு, மறுபுறம் நைட்ரஜன் வாயு. வாயு ஒரு சுருள்வில்போல எண்ணெயை அழுத்தி வைத்திருப்பதால், ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் பம்ப் ஓட வேண்டியதில்லை. ஆண்டுகள் போகப் போக நைட்ரஜன் கசிந்து குறைகிறது. குறைந்ததும் சேமிப்பு இல்லை, பம்ப் அடிக்கடி ஓடுகிறது. அடிக்கடி ஓடுவதால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்கிறது, கார்பன் தூள் உள்ளேயே தங்குகிறது, மோட்டார் சூடாகிறது, ஒரு நாள் நிற்கிறது. இ46 எம்3-இல் பம்ப் எஞ்சின் அறையில் இருக்கும். எம்5-இல் இந்தப் பகுதி முழுவதும் கியர்பாக்ஸோடு ஒட்டி, எக்ஸாஸ்ட் குழாய்களின் வெப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் பத்து டிகிரியில் ஓடிய பம்புக்கும், 33 டிகிரி வெயிலில் கூச்சிங் சாலை ஜாமில் நின்ற பம்புக்கும் ஆயுள் ஒன்றாக இருக்காது. பம்ப் இறந்துபோன கார்கள் பலவற்றின் கதை உண்மையில் முன்னமே இறந்துபோன அக்குமுலேட்டரின் கதை. புதுப் பம்ப் போட்டு, பழைய அக்குமுலேட்டரை அப்படியே விட்டால், புதுப் பம்பும் அதே வழியில் போகும்.

இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். காரை வாங்கப் பார்க்கும்போது, விற்பவரிடம் முன்கூட்டியே சூடேற்றி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கையை வைத்து எஞ்சின் மூடி குளிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அமைதியான இடத்தில் ஓட்டுநர் கதவைத் திறந்தால், காரின் நடுவே கீழிருந்து 'உய்ங்' என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். அழுத்தம் சேர்ந்ததும் தானே நிற்க வேண்டும். இரவு முழுக்க நின்ற காரில் சற்று நீளமாக ஓடுவது இயல்பு. பிறகு ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி நியூட்ரல், முதல் கியர், நியூட்ரல், ரிவர்ஸ் என்று ஆறேழு தடவை மாற்றுங்கள். பல மாற்றங்களுக்கு ஒருமுறை பம்ப் ஓடினால் குடுவை நலமாக இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடினால் குடுவையில் வாயு இல்லை. கியரையே தொடாமல் சும்மா நிற்கும்போது சில விநாடிக்கு ஒருமுறை ஓடினால் உள்ளே எங்கோ அழுத்தம் கசிகிறது, அது வால்வுகள் உள்ள பகுதியாகவும் இருக்கலாம். பட்டியலில் இதுதான் விலை கூடிய பழுது.

அடுத்து கிளட்ச். சமதளத்தில், லேசான காலில், நேராகக் கிளம்புங்கள். கிளம்பும் அந்த முதல் இரண்டு மீட்டரில் கார் முழுக்க 'கடகட'வென்று அதிர்ந்தால் தட்டுகள் வெந்து கண்டுகண்டாக இறுகியிருக்கின்றன, அல்லது இரட்டை நிறை ஃப்ளைவீல் தளர்ந்திருக்கிறது. பிறகு காராக் ஏற்றத்துக்குக் கொண்டுபோங்கள். நான்காவது கியர், 2,200 ஆர்.பி.எம்., அதாவது மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர். பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து 500 குதிரைத் திறன் அமைப்பில் முழுதாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள்ளும் வேகமும் கைகோத்து ஏற வேண்டும். முள் மட்டும் முன்னால் துள்ளி ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. கியர் மாற்றங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் காரின் விலையில் ஒரு முழுக் கிளட்ச் வேலையைக் கழித்துத்தான் பேச வேண்டும்.

இந்த இரண்டு சோதனையும் முடிந்தபின் கிளம்பிவிடாதீர்கள். காரை நகருக்குள் கொண்டுவந்து அரைமணி நேரமாவது நெரிசலில் ஓட்டிவிட்டு, அந்த நியூட்ரல், முதல் கியர், ரிவர்ஸ் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தளர்ந்த பம்ப் மோட்டார் குளிரில் நன்றாக நடிக்கும், சூட்டில்தான் மாட்டிக்கொள்ளும். காலையில் சொன்ன பேச்சைக் கேட்ட ரிவர்ஸ், மாலையில் விழ மறுத்து, டேஷ்போர்டில் கியர் சின்னம் எரியும்.

கடைசியாக, கணினி. பி.எம்.டபிள்யூ.வின் இஸ்டா மென்பொருள் வைத்திருக்கும் பட்டறையில் எஸ்.எம்.ஜி. பகுதியைத் தனியாகப் படிக்கச் சொல்லுங்கள். பழுதுக் குறிப்பு ஒன்றுமே இல்லை, எல்லாம் நேற்றுத்தான் துடைக்கப்பட்டது என்று தெரிந்தால் அதுவே ஒரு தகவல். கிளட்ச் பிடிக்கும் புள்ளியையும் கியர்களின் நிலைகளையும் கணினி கற்று வைத்திருக்கும் எண்களை அடாப்டேஷன் என்பார்கள். கிளட்ச் தேயத் தேய பிடிக்கும் புள்ளி நகரும், கணினி பின்தொடரும். பழைய எண்களை வைத்துக்கொண்டு கணினி கிளட்ச்சை மூடினால் ஒன்று சீக்கிரம் பிடித்து உதறும், அல்லது தாமதமாகப் பிடித்து வழுக்கும். நல்ல கிளட்ச் உள்ள, ஆனால் வெட்டி இழுக்கும் கார்களில் கணிசமானவை ஒரு சரியான அடாப்டேஷனிலேயே திருந்திவிடும். உதறலைப் பார்த்ததும் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் பட்டறையில் காரை விடாதீர்கள். முதலில் பேட்டரி, இ60-இல் அது பின் டிக்கியின் வலப்பக்கம் இருக்கிறது. மின்னழுத்தம் தளர்ந்தால் பம்பும் வால்வுகளும் தடுமாறி இல்லாத பழுதையெல்லாம் காட்டும். அடுத்து பம்பின் ரிலே, விலை குறைந்த பொருள். அதற்குப் பிறகு அடாப்டேஷன். இவை மூன்றும் சரியான பிறகும் உதறினால்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அரை வேலை செய்யாதீர்கள். இரண்டு தட்டுகளும் பிரஷர் பிளேட்டும் சேர்ந்த முழுத் தொகுதி, ரிலீஸ் பேரிங், கிளட்ச் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் சென்சார், பின்பக்க எண்ணெய் சீல். ஃப்ளைவீலைக் கையால் இரு பக்கமும் திருப்பிப் பார்த்து, ஆட்டம் அளவுக்கு மீறினால் அதையும். சென்சார் ஒன்றை மிச்சம் பிடித்துவிட்டு, மூன்று மாதம் கழித்து அதற்காக மட்டும் மறுபடி இறக்கினால் கூலி இரட்டிப்பு. ஹாஃப்கட் கடைகளில் (பாதியாக வெட்டிய பழைய கார்களின் உதிரிகளை விற்கும் கடைகளில்) கிடைக்கும் ஹைட்ராலிக் பகுதி மலிவாகத் தெரியும். ஆனால் அதிலுள்ள அக்குமுலேட்டரும் நீங்கள் கழற்றுவதும் ஒரே வயதுக்காரர்கள். வால்வுப் பகுதிக்காக அதை வாங்கலாம், மோட்டாருக்கும் குடுவைக்கும் வாங்கக்கூடாது.

எண்ணெய் விஷயத்தில் தவறு நடந்தால் மன்னிப்பே இல்லை. ஹைட்ராலிக் பகுதிக்குப் பச்சை நிற சி.எச்.எஃப். 11எஸ். அது கியர் எண்ணெயும் இல்லை, ஆட்டோ கியர் எண்ணெயும் இல்லை. அவசரத்துக்கு பிரேக் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டு, முழுப் பகுதியும் போய்விடும். அளவு பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம்: அழுத்தம் ஏறியிருக்கும்போது எண்ணெயின் ஒரு பங்கு குடுவைக்குள் ஒளிந்திருக்கும், தொட்டியில் குறைவாகத் தெரியும். அதைப் பார்த்து மேலே ஊற்றிவிட்டால், அழுத்தம் இறங்கும்போது வழியும். அழுத்தத்தை மென்பொருள் வழியாக இறக்கிய பிறகு அளவு பார்ப்பதே முறை.

இதே பணத்துக்கு வேறு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. மசெராட்டி குவாட்ரோபோர்ட்டேயின் தொடக்க கார்களில் இருந்த டுவோசெலக்ட்டும் ஒற்றைக் கிளட்ச்தான். அவர்களே 2007-இல் இசட்.எஃப். ஆட்டோ கியருக்கு மாறிவிட்டார்கள், மாறிய பிறகு வந்ததையே பாருங்கள். இ90 எம்3 நான்கு கதவுக் காரில் 2008-இலிருந்து வந்த இரட்டைக் கிளட்ச், தினமும் ஜாமில் போகிறவருக்கு எல்லா வகையிலும் சிறந்தது. 2011-இல் வந்த எஃப்10 எம்5-உம் இரட்டைக் கிளட்ச்சுக்கே போனது. தீபகற்ப மலேசியாவில் தனிநபர் சலூன் காருக்கான சாலை வரியையும் கூட்டிப் பாருங்கள். 4,999 சி.சி. உள்ள இ60 எம்5-க்கு ஆண்டுக்கு 11,125 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு. 4,395 சி.சி. எஃப்10-க்கு 8,407 வெள்ளி 50 காசு. 3,999 சி.சி. எம்3-க்கு 6,625 வெள்ளி 50 காசு. வேலைக்கு எல்.ஆர்.டி.யில் போய், சனிக்கிழமை விடியற்காலையில் மலை ஏறுகிறவருக்கு மட்டும் நான் எஸ்.எம்.ஜி. எம்5-ஐத் தயங்காமல் சொல்வேன். அவருக்கு அந்தப் பத்து சிலிண்டர் எஞ்சினோடு இதைவிடப் பொருந்தும் கியர்பாக்ஸ் இல்லை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பினாங்கு வரை போனாலும் தொல்லையில்லை. ஏழாவது கியரில் 110-இல் எஞ்சின் 2,600-ஐ ஒட்டிச் சுழலும், கியர்பாக்ஸ் இருப்பதே தெரியாது.

வாங்கியவர்கள் இழுவை லாரிக்காரரிடம் சொல்ல வேண்டியதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் காரை நிறுத்தும்போது கியரில் விட்டு அணைத்து, கை பிரேக்கும் போடுவதே முறை. ஹைட்ராலிக் அழுத்தம் போன நேரத்தில் கார் அந்தக் கியரிலேயே மாட்டிக்கொள்ளும், நியூட்ரல் விழாது, பின்சக்கரம் சுழலாது. முன்பக்கத்தைத் தூக்கி இழுத்தால் பின் டயர்கள் சாலையில் தேய்ந்துகொண்டே வரும், அல்லது எஞ்சினும் சேர்ந்து சுழலும். சமதள மேடை உள்ள லாரிதான் வேண்டும், பின்சக்கரங்களுக்கு அடியில் வைக்கும் சின்னச் சக்கரப் பலகை இரண்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். பேஸ்மெண்ட் கார் பார்க் என்றால் கூரை உயரத்தையும் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். பல இடங்களில் அந்த லாரி உள்ளே நுழையாது, சக்கரப் பலகையில் வைத்துத்தான் காரை வெளியே தள்ளிக் கொண்டுவர வேண்டியிருக்கும்.